நண்டுக்கு வலிக்குமா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: சார், உயிர் நண்டைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டால் துடிக்கிறதே, அது வெறும் அனிச்சைச் செயல்தானே?

பதில்: துடிப்பை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. சூடு பட்டால் நம் கையும் வலி தெரிவதற்கு முன்பே விலகிவிடுகிறது. பெல்ஃபாஸ்டில் ராபர்ட் எல்வுட் என்ற விலங்கு நடத்தை ஆய்வாளர் வேறு வழியில் சோதித்தார். காலிச் சங்கில் குடியிருக்கும் துறவி நண்டுகளுக்கு, சங்குக்குள் கம்பி விட்டு லேசாக ஷாக் கொடுத்தார். பிடிக்காத வகைச் சங்கில் இருந்தவை எளிதில் வெளியேறின. பிடித்த சங்கில் இருந்தவை பல்லைக் கடித்துக்கொண்டு (நண்டுக்கு ஏது பல், பேச்சுக்குச் சொல்கிறேன்) உள்ளேயே கிடந்தன. அனிச்சைச் செயல் வீடு நல்லதா என்று பார்க்குமா?

கேள்வி: அப்படியானால் வலி நிரூபணம் ஆகிவிட்டதா?

பதில்: இல்லை. ஆனால் நிரூபணம் வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். பிரிட்டனில் ஜொனதன் பர்ச் என்ற தத்துவப் பேராசிரியர் தலைமையிலான குழு, நண்டு, இறால் போன்றவற்றுக்கு வலி போன்ற உணர்வு உண்டா என்று 300க்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசி 2021இல் அறிக்கை கொடுத்தது. நண்டுக்குச் சான்று வலுவாக இருந்தது, இறாலுக்குக் குறைவு. இறாலை ஆராய்ந்தவர்களே குறைவு என்பதால் அதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். 2022இல் பிரிட்டனின் விலங்கு நலச் சட்டமும் இரண்டையும் சேர்த்தே வந்தது. எனக்கு இது நியாயமாகப் படுகிறது. தேடாமலே 'கிடைக்கவில்லை' என்று சொல்லக் கூடாதல்லவா?

கேள்வி: 'நண்டும் தும்பியும் நான்கறிவினவே' என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டதே?

பதில்: அங்கே எண்ணுவது தொடுதல், சுவை, மணம், பார்வை. புலன் வேறு, வலி வேறு. பார்வை கேமராவுக்கும் உண்டு.

கேள்வி: இப்படிக் கொசுவுக்கும் செடிக்கும் யோசித்தால் வாழ முடியுமா?

பதில்: சந்தேகம் எவ்வளவு, ஒதுங்கிப்போக நமக்கு ஆகும் செலவு எவ்வளவு என்று இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். செடிக்கு நரம்பு மண்டலமே இல்லை. டெங்கு பரவும்போது கொசு பேட்டை எடுக்க நான் தயங்க மாட்டேன். நண்டு விஷயத்தில் செலவு அரை மணி நேரம்தான்.

கேள்வி: சரி தம்பி, ஞாயிற்றுக்கிழமை நான் என்ன செய்யட்டும்?

பதில்: நண்டு சாப்பிடாதீர்கள் என்று சொல்லவில்லை அக்கா. உயிரோடு காலைப் பிய்ப்பதையும் கொதிநீரில் போடுவதையும் விடுங்கள். முதலில் ஐஸில் புதைத்து வையுங்கள், அசைவு அடங்கும். ஐஸ் மட்டும் வலியை மரக்கச் செய்யுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு, அதனால் அதோடு நிறுத்தக் கூடாது. நண்டுக்கு முக்கிய நரம்பு முடிச்சு இரண்டு. வயிற்று மடலைத் தூக்கி அதன் அடியில் ஒன்று, கண்களுக்கு நடுவே இன்னொன்று என்று கூரான கம்பியால் சட்டென்று குத்திவிட வேண்டும். கை நடுங்கினால் மீன்கடையில் கேளுங்கள், நண்டு உடைத்துத் தருபவருக்கு இடம் காட்டினால் போதும்.