டிமென்ஷியா என்ற மறதி நோய் வந்து ஹோமில் இருக்கும் அம்மாவின் முகத்தில் எந்த உணர்ச்சியும் தெரியவில்லை. உள்ளுக்குள் அவருக்கு ஏதாவது தெரியுமா?

தெரியும் என்றுதான் சொல்வேன். நான் டாக்டர் இல்லை. டிமென்ஷியாவில் ஒரு வகையான அல்சைமர் வந்த அப்பாவைச் சென்னை மேடவாக்கம் பக்கம் ஒரு ஹோமில் வைத்திருக்கும் மகள், அவ்வளவுதான். ‘பெத்தவரை ஹோமில் விட்டவள் பாடம் எடுக்க வந்துட்டா’ என்று கமெண்ட் போடத் துடிப்பவர்களுக்கு ஒன்று: ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப்.பில் வெல்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் திறந்து டூட்டிக்குக் கிளம்புவார். அப்படி ஒருவரை மூன்றாவது மாடி ஃபிளாட்டில் வைத்துப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

சரி, உங்கள் அம்மா. முதலில் மாத்திரைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். ரிஸ்பெரிடோன் மாதிரி மனநல மாத்திரைகள் சிலருக்கு உடம்பையும் முகத்தையும் இறுக்கமாக்கிவிடும். டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு இந்த வகை மருந்துகளால் உயிர் ஆபத்து கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005லேயே எச்சரித்தது. அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக்கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரை காரணம் இல்லையென்றால் இந்த நோயிலேயே வரும் ஒரு மந்தமாக இருக்கலாம். தானாகச் சிரிக்க மாட்டார்கள், தானாகப் பேச மாட்டார்கள். ஆனால் தொட்டுப் பேசினாலோ பழைய பாட்டு ஒன்றைப் போட்டாலோ ஏதாவது ஒரு பதில் வரலாம்.

எங்கள் பிரச்சினை நேர் எதிர். குளிக்க வைக்கும்போது அப்பா அடிக்கிறார், கெட்ட வார்த்தை பேசுகிறார் என்று ஹோமிலிருந்து போன். டியூட்டி நோட்டில் ‘வயலண்ட்’ என்று எழுதிவிட்டார்கள். தூக்கத்துக்கு ஒரு மாத்திரை சேர்க்கட்டுமா என்று கேட்டார்கள். வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். இரண்டு சின்னப் பெண்கள், பாவம், அவசரத்தில் இருந்தார்கள். ஒருத்தி லுங்கியை உருவுகிறாள். அப்பா ஒரு கையால் லுங்கியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அவளைத் தள்ளுகிறார். வீட்டில் பனியன் இல்லாமல் எங்கள் முன்னால் வந்து உட்காராத மனுஷன் அவர். என் பேர் மறந்துவிட்டது, மானம் மறக்கவில்லை. நோட்டில் அதை எழுத ஒரு கட்டம் கிடையாது, அதனால் ‘வயலண்ட்’.

ஆம்பளை கேர்டேக்கர் வேண்டும் என்று கேட்டேன். ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு பையனை அப்பாவுக்குப் போட்டார்கள். அவனுக்குத் தெரிந்த தமிழே ‘தாத்தா’, ‘தண்ணி’, ‘சாப்பாடு’தான். இடுப்பில் துண்டைக் கட்டிவிட்டு, மக்கை அப்பா கையிலேயே கொடுத்தான். எல்லாம் சரியாகிவிட்டது என்று கதை விடமாட்டேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் இன்னமும் கத்துவார். ஆனால் அந்த மாத்திரை தேவைப்படவில்லை.

இன்னொன்றும் குறைந்தது. முன்பெல்லாம் காலையில் குளியலில் ரகளை என்றால் மத்தியானம் சாப்பாட்டுத் தட்டையும் தள்ளுவார். ஏன் கோபம் என்று அவருக்கே தெரியாது. அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான, சந்தோஷமான படத்துண்டுகளைக் காட்டிப் பார்த்த ஆய்வு ஒன்று 2014இல் வந்தது. பார்த்த காட்சி மறந்த பிறகும் உணர்வு தங்கியிருந்தது. அதிகம் மறந்தவர்களுக்குச் சோகம் அதிக நேரம் தங்கியதாம். அப்பாவின் தட்டு எனக்கு அப்போதுதான் புரிந்தது.

முகம் என்றதும் இதையும் கொட்டிவிடுகிறேன். நவம்பர் வந்தால் பென்ஷனுக்கு உயிர்ச்சான்று. இப்போது ஆப்பில் முகத்தைக் காட்டி எடுக்கலாம், சந்தோஷம். ஆனால் அது கண்ணைச் சிமிட்டச் சொல்கிறது! சொன்னபடி கண்ணைச் சிமிட்டத் தெரிந்தால் அவர் ஏன் ஹோமில் இருக்கிறார்? வங்கியில் கேட்டால் ‘நேர்ல கூட்டிட்டு வாங்க மேடம்’. வீட்டுக்கே வந்து எடுக்கும் வசதி உண்டு என்று நான்தான் அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

உங்கள் அம்மாவுக்கு வருகிறேன். அவருக்கு எங்காவது வலி இருக்கிறதா என்று பார்த்தார்களா? வாயால் சொல்ல முடியாதவர்களுக்கு, மூச்சு, முனகல், முகம், உடம்பை வைத்திருக்கும் விதம், சமாதானம் செய்தால் அடங்குகிறாரா என்ற ஐந்தையும் பார்த்து 10க்கு மதிப்பெண் போடும் ‘பெயினாட்’ (PAINAD) என்ற முறை இருக்கிறது. ஹோம் சிஸ்டரிடம் கேளுங்கள், தெரியாவிட்டால் அந்த முறையின் ஒரு பக்கத் தாளை அச்செடுத்துக் கொடுங்கள். கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

அப்புறம், நீங்கள் ஆபீஸ் முடிந்து போகிறவராக இருந்தால் நேரத்தை மாற்றிப் பாருங்கள். இந்த நோயில் பலருக்குப் பொழுது சாயும் நேரம்தான் மோசம். காலை டிபனுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போங்கள். ‘என்னைத் தெரியுதா’ என்று பரீட்சை வைக்காதீர்கள். அம்மாவுக்குச் சோறு ஊட்டுகிறவர் யாரோ, அவரிடம் தனியாக ஐந்து நிமிஷம் பேசுங்கள். எதைக் கொடுத்தால் வாயைத் திறக்கிறார், யார் வந்தால் தலையைத் திருப்பிக்கொள்கிறார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.