வாச்சருக்குக் கொடுக்கும் கேடயத்தில் எந்தச் சொல்?

தம்பி, ஓய்வு பெறப்போகும் உங்கள் கல்முனைப் பாடசாலை வாச்சர், காலையில் பிள்ளைகளை றோட்டுக் கடத்திவிடுபவர், அவருடைய கேடயத்தில் காவலன், காவலர், பாதுகாவலர், காவலாளி இவற்றில் எதைப் பொறிப்பது என்று கேட்டிருந்தீர்கள். காவலாளி என்றே போடுங்கள், அதில் ஒரு குறைவும் இல்லை. பாதுகாவலர் வேண்டவே வேண்டாம். பாடசாலையில் அது தாய் தகப்பனுக்குப் பதிலாகப் பிள்ளைக்குப் பொறுப்பு நிற்பவர், முதலாம் தர விண்ணப்பத்திலும் அந்தப் பொருளில்தான் வரும். காவலன் பழந்தமிழில் அரசன். 560ஆம் குறளில் 'காவலன் காவான் எனின்' என்பது நாட்டைக் காக்காத அரசனைத்தான், அதனால் வாழ்த்துப்பாவில் அவரைக் காவலன் என்று பாடினால் அழகாகவே இருக்கும், பதவிப் பெயராகப் போட்டால் ஒட்டாது. காவலர் தமிழ்நாட்டில் பொலிஸ்காரர். நம் பக்கம் பொலிஸை அப்படிச் சொல்வதில்லை, என்றாலும் யுத்த காலத்தில் ஊர்காவல் படை, காவலரண் என்று கேட்டு வளர்ந்த மட்டக்களப்பு, அம்பாறைச் சனத்துக்கு அந்தச் சொல்லோடு துவக்கும் சேர்ந்தே நினைவு வரும், இந்த மனிதருக்கு அது வேண்டாமே. காவலாளி என்றால் மரியாதைக் குறைவோ என்று யோசிக்க வேண்டாம், வேளாண்மைக்குள் யானை இறங்காமல் இரவிரவாக விழித்திருப்பவரையும் காவல்காரர் என்று மரியாதையாகத்தானே சொல்கிறோம்? பிறகு, பெயருக்கு முன்னால் 'திரு.' போட மறக்க வேண்டாம், சேவை செய்த ஆண்டுகளையும் கட்டாயம் பொறியுங்கள்.