விசேட வைத்தியரைக் காணும் வரை: மூட்டு நோவு, கேள்வி பதில்

கிளினிக் திகதி கையில் இருக்கிறது. அது வர இன்னும் ஆறு கிழமையோ மூன்று மாதமோ கிடக்கிறது. அந்த இடைவெளியில் நோவோடு என்ன செய்வது என்று கொழும்பின் பல பக்கங்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. பதில் சொல்பவர் மூட்டு நோய் கிளினிக் தாதி ஒருவர்.

கொட்டாஞ்சேனை: மிஸ், அம்மாவுக்கு 62. இரண்டு முழங்காலும் நோ. பார்மசியில டைக்ளோஃபெனக் 50 வாங்கிக் காலையும் இரவும் குடுக்கிறோம். பிரஷருக்கு லொசார்டனும் சலம் போற குளிசையும் எடுக்கிறா. இப்ப வயிறு எரியுது எண்டு சொல்றா. தொடரலாமா?

வேண்டாம் தம்பி. டைக்ளோஃபெனக்கை இன்றோடு நிறுத்துங்கள். பிரஷர் குளிசைகளை நிறுத்த வேண்டாம், அவை தொடரட்டும்.

வயிற்றெரிவு ஒரு பக்கம் இருக்கட்டும், பெரிய பயம் சிறுநீரகம்தான். டைக்ளோஃபெனக் சிறுநீரக வடிகட்டிக்குள் இரத்தம் வரும் குழாயைச் சுருக்கும். லொசார்டன் வெளியே போகும் குழாயைத் தளர்த்தும். சலம் போகும் குளிசை உடம்பிலுள்ள நீரையே குறைக்கும். மூன்றும் சேர்ந்தால் வடிகட்டத் தேவையான அழுத்தம் இல்லாமல் போய்விடும். சாதாரண நாளில் ஒன்றும் தெரியாது. வயிற்றோட்டமோ வாந்தியோ வந்த நாளில்தான் ஆள் விழுவார். குடும்ப டொக்டரிடம் சொல்லி, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனையை ஒருதரம் பார்த்துவிடுங்கள். மலம் தார் போலக் கறுத்தால் அன்றே ஆஸ்பத்திரி.

அதற்குப் பதிலாக பனடோல், அதாவது பரசிட்டமோல், 500 மில்லிகிராம், ஒரு தடவைக்கு 2, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. 24 மணித்தியாலத்தில் 8 தான் உச்சம். 50 கிலோவுக்குக் குறைந்த உடம்பு, ஈரல் வருத்தம், தினமும் குடிக்கிற பழக்கம் என்றால் இந்த அளவே கூட, டொக்டரிடம் கேட்டுக் குறைக்க வேண்டும். தடிமனுக்குக் குடிக்கும் பல குளிசைகளுக்குள்ளும் இதே பரசிட்டமோல் இருக்கிறது. அதையும் கணக்கில் சேருங்கள்.

முழங்காலுக்கு என்னைக் கேட்டால் முதலிடம் டைக்ளோஃபெனக் ஜெல்லுக்குத்தான். தோல் வழியாக இரத்தத்துக்குள் போவது குளிசையில் போவதில் ஒரு சிறு பங்குதான். “பூசிப் பார்த்தோம், கேட்கவில்லை” என்பவர்களில் பலர் பட்டாணி அளவு தடவியவர்கள். சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரைக் கிராம். ஒரு முழங்காலுக்கு அப்படி 4 முதல் 8 கோடு, நாளுக்கு 3 அல்லது 4 தடவை. 20 கிராம் குழாய் ஒரு முழங்காலுக்கே ஒன்றிலிருந்து மூன்று நாள்தான் வரும், அதனால் பெரிய குழாயாகக் கேளுங்கள். அதன் மேல் சித்தாலேப போன்ற நோத் தைலம் பூசுவதும் சுடுதண்ணிப் பை வைப்பதும் கூடாது, தோல் வெந்துவிடும். சிறுநீரக வருத்தம் ஏற்கெனவே உள்ளவர்கள் ஜெல்லையும் கேட்டுத்தான் பாவிக்க வேண்டும்.

வெள்ளவத்தை: அக்கா, எனக்கு 34 வயது. காலையில கைவிரல் மடக்க ஏலாது, சட்டைப் பொத்தான் போட ஒரு மணித்தியாலத்துக்கு மேல போகும். ஆறு கிழமையா இப்படி. ருமட்டொயிட் ஃபாக்டர் நெகட்டிவ் எண்டு வந்ததால ஒண்டும் இல்லை எண்டு வீட்டில சொல்றாங்க. திகதி இரண்டு மாதத்துக்குப் பிறகு.

கிளினிக் திகதி வரை காத்திருக்கக் கூடாதவர்களில் நீங்கள் ஒருவர் தங்கச்சி.

தேய்மான மூட்டில் காலை இறுக்கம் பொதுவாக அரை மணித்தியாலத்துக்குள் விட்டுவிடும். அதைத் தாண்டினால் அழற்சி என்றே சந்தேகிக்க வேண்டும். ஒரு சோதனை: மற்றவரின் கையில் உங்கள் கையைக் கொடுத்து, நான்கு விரல்களின் அடி முட்டிகளையும் இரு பக்கத்தாலும் சேர்த்து, கைலாகு கொடுப்பது போல மெதுவாக அமுக்கச் சொல்லுங்கள். அதற்கே துடித்தால் எழுதி வையுங்கள். அந்த இரத்தப் பரிசோதனை நெகட்டிவாக இருந்தும் முடக்குவாதம் இருக்கலாம். பொசிட்டிவாக இருந்தும் நோய் இல்லாதவர்கள் இருக்கிறார்கள்.

முதல் மூன்று மாதத்துக்குள் சரியான மருந்து தொடங்கினால் மூட்டு அரிபடுவதைப் பெருமளவு தடுக்கலாம். உங்களுக்கு அதில் பாதி முடிந்துவிட்டது. குடும்ப டொக்டரிடம் போய் கடிதம் கேளுங்கள். “கை நோ” என்று மட்டும் எழுதினால் அது வரிசையில்தான் நிற்கும். எத்தனை கிழமை, எந்த எந்த மூட்டு வீங்கியிருக்கிறது, காலை இறுக்கம் எத்தனை நிமிடம், அழற்சியைக் காட்டும் இரத்தப் பரிசோதனைகளான ஈஎஸ்ஆர், சிஆர்பி எவ்வளவு என்று எழுதினால் திகதி முன்னுக்கு வர வாய்ப்பு உண்டு. அதைக் கொண்டுபோய் கிளினிக் தாதியிடம் நேரில் காட்டுங்கள். வீக்கம் தெரியும் காலைகளில் படம் எடுங்கள், பகல் 11 மணிக்கு டொக்டர் பார்க்கும்போது அது வற்றியிருக்கும். மோதிரங்களை இப்போதே கழற்றுங்கள். பிள்ளைக்கு யோசிக்கிறீர்கள் என்றால் அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், ஏனென்றால் முடக்குவாதத்துக்கு வழமையாகத் தொடங்கும் மருந்தான மெதோட்ரெக்சேட் கர்ப்பத்தில் கூடவே கூடாது.

கிராண்ட்பாஸ்: திரீவீல் ஓட்டுறன். தெரிஞ்ச ஒராள் சின்ன வெள்ளைக் குளிசை தந்தார். இரண்டு நாளில நோ பறந்திட்டு. பேர் எழுதாத கடதாசி உறை. ஒரு மாதமா எடுக்கிறன். டொக்டரிட்ட சொல்ல வேணுமா?

கட்டாயம். இரண்டு நாளில் எல்லா மூட்டும் இலேசாகிறது என்றால் அது பெரும்பாலும் பிரட்னிசலோன், அதாவது ஸ்டீரொயிட். பெயரில்லாத “மூலிகை” வாதக் குளிசைகளிலும் தூள்களிலும் இதைக் கலந்து விற்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது.

நோவைத் தாங்கும் அளவில் வைக்க வேண்டும், ஆனால் நோயை மறைக்கக் கூடாது. ஸ்டீரொயிட் நோயை மறைத்துவிடும். வீக்கம் வற்றி, சிஆர்பி இறங்கி, மூன்று மாதம் காத்திருந்து போகும் அன்று டொக்டர் கையில் ஒன்றும் அகப்படாது. உள்ளே எலும்பு அரிபட்டுக்கொண்டே இருக்கலாம். சீனி ஏறும், பிரஷர் ஏறும்.

ஆனால் இதை வாசித்துவிட்டு இன்றே எறிய வேண்டாம். மூன்று கிழமைக்கு மேல் எடுத்தால் உடம்பு தன் சொந்த ஸ்டீரொயிட்டைச் சுரப்பதைக் குறைத்துவிடும். திடீரென நிறுத்தினால் வாந்தி, தலைச்சுற்று, பிரஷர் இறக்கம் வந்து ஆபத்தாகலாம். மிச்சக் குளிசையையும் உறையையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே ஓபிடிக்குப் போங்கள், படிப்படியாகக் குறைத்துத் தருவார்கள்.

தெமட்டகொடை: அப்பாவுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல், மூட்டெல்லாம் உளைவு. வீட்டில அவருடைய பழைய புரூஃபன் இருக்கு. குடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம். கொழும்பில் காய்ச்சலோடு உளைவு என்றால் டெங்கு இல்லை என்று தெரியும் வரை புரூஃபன், டைக்ளோஃபெனக், மெஃபனமிக் அசிட் எதுவும் தொடக் கூடாது, இரத்தக் கசிவு கூடும். பனடோல் மட்டும். இதயத்துக்கு அஸ்பிரின் எடுப்பவர் என்றால் டொக்டரைக் கேளுங்கள். இரத்தக் கலங்களின் எண்ணிக்கையை டொக்டர் சொல்லும் நாளில் பார்க்க வேண்டும். கடும் வயிற்று நோ, நிற்காத வாந்தி, இரத்தக் கசிவு, சலம் குறைவது, இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திராமல் போங்கள்.

சிக்குன்குன்யாவாகவும் இருக்கலாம். 2006-இல் இலங்கையில் பெருமளவில் பரவியது, 2025-இலும் திரும்ப வந்தது. அதன் மூட்டு நோ காய்ச்சல் போன பிறகும் கிழமைக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும். கிளினிக்கில் சொல்லக் காய்ச்சல் தொடங்கிய திகதியைக் குறித்து வையுங்கள்.

வத்தளை: நடுச்சாமத்தில கால் பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகுது. யூரிக் அசிட் நோர்மல் எண்டு ரிப்போர்ட். பருப்பை நிப்பாட்டினேன்.

இது கவுட் போலிருக்கிறது, யூரிக் அசிட் மூட்டில் படிவதால் வரும் நோய். பருப்பு பாவம், அதைச் சாப்பிடலாம். உடம்பில் யூரிக் அசிட்டாக மாறுவது பியூரின், ஆனால் தாவரத்திலுள்ள பியூரின் இந்த நோயைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. நிறுத்த வேண்டியது பியர், சாராயம், இனிப்புச் சோடா. குறைக்க வேண்டியது ஈரல், நெத்தலி, சாளை, இறால். கவுட் தாக்கும் நேரத்தில் இரத்த யூரிக் அசிட் நோர்மலாக வருவது சகஜம், அடங்கி இரண்டு கிழமைக்குப் பிறகு திரும்பப் பாருங்கள். யூரிக் அசிட்டைக் குறைக்கும் அலோபியூரினோல் ஏற்கெனவே எடுப்பவர் அதை நிறுத்தக் கூடாது. எடுக்காதவர் தாக்கத்தின் நடுவில் தானாகத் தொடங்கவும் கூடாது. பிரஷருக்கான சலக் குளிசைகளில் சில யூரிக் அசிட்டை ஏற்றும், டொக்டரிடம் சொல்லுங்கள்.

மருதானை: நோன்பு வருது. ஸஹருக்கு டைக்ளோஃபெனக் போட்டால் நாள் முழுக்கத் தாங்குமா?

தாங்காது. தண்ணியில்லாத பகலில் சிறுநீரகத்துக்கும் அது கெடுதி. நோன்பு திறக்கும்போது, படுக்கும்போது, ஸஹரில் என்று பனடோலைப் பிரியுங்கள், இடையில் 4 மணித்தியாலம் குறையக் கூடாது. பகலுக்கு ஜெல்.

தெஹிவளை: சூடா, ஐஸா? ஆளுக்கொன்று சொல்றாங்க.

மூட்டு சூடாக, வீங்கி இருந்தால் குளிர். ஐஸ் கட்டியைப் பொலித்தீன் பையில் போட்டு ஈரத் துவாயால் சுற்றி 10 முதல் 15 நிமிடம். வீக்கமில்லாமல் இறுகிக் கிடந்தால் சூடு, 15 முதல் 20 நிமிடம். நொச்சியிலையோ உப்பு ஒத்தடமோ நல்லதுதான், புறங்கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு வையுங்கள். சீனி வருத்தத்தால் கால் மரத்தவர்கள் சூட்டுப் பக்கமே போகக் கூடாது, சுட்டது தெரியாது. வீங்கிய மூட்டை எண்ணெய் போட்டு உருவ வேண்டாம்.

ஒரே ஒரு மூட்டு சில மணித்தியாலத்தில் வீங்கிச் சிவந்து, காய்ச்சல், நடுக்கமும் வந்தால் சூடும் வேண்டாம், ஐஸும் வேண்டாம். மூட்டுக்குள் கிருமி என்று நினைத்து 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அதற்குக் கிளினிக் திகதி பார்க்கக் கூடாது.

முகத்துவாரம்: அம்மம்மா நோகிற கால் பக்கக் கையிலதான் பொல்லைப் பிடிக்கிறா. சரிதானே?

பிழை. எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். நடக்கும்போது வலது காலோடு இடது கை முன்னே போவதுதான் உடம்பின் இயல்பு. வலது முழங்கால் நோவென்றால் இடது கையிலுள்ள பொல்லும் வலது காலும் ஒரே நேரம் நிலத்தில் படட்டும்.

உயரம்: வழமையாகப் போடும் செருப்போடு நிமிர்ந்து, கையைத் தொங்கவிட்டு நிற்கட்டும். மணிக்கட்டு மடிப்புக்கு நேரே கைப்பிடி வர வேண்டும். கூடினால் தோள் தூக்கும், குறைந்தால் முதுகு கூனும். மரப் பொல்லை அறுக்கலாம். அலுமினியப் பொல் என்றால் பொத்தான் துளைக்குள் “டிக்” என்று விழுந்ததா பாருங்கள். அடி ரப்பரின் வளையக் கோடுகள் தேய்ந்து மொழுமொழுவென்று ஆனால் மாற்றுங்கள், மழை நாளில் ஈர டைல்ஸில் அதுதான் வழுக்கும். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது பொல்லும் நோகிற காலும் முதலில். பஸ்ஸுக்கும் இதே கணக்கு.

பம்பலப்பிட்டி: முழங்கால் தேய்மானம். ஆடிவேலுக்கு செட்டியார் தெருவிலிருந்து தேரோடு நடக்கலாமா? நடந்தால் இன்னும் தேயும் எண்டு சொல்றாங்க.

அளவோடு நடந்தால் தேயாது ஐயா. நடக்காவிட்டால்தான் தொடைத் தசை மெலிந்து சுமை முழுக்க மூட்டில் விழும். ஆனால் பழகாத கால் ஒரே நாளில் அவ்வளவு தூரம் போக வேண்டாம், கடைசித் துண்டில் சேர்ந்துகொள்ளுங்கள்.

இன்றிலிருந்தே தொடங்கலாம். கட்டிலில் கால் நீட்டி, முழங்காலுக்குக் கீழே சுருட்டிய துவாய் வைத்து, அதை நசுக்குவது போல 5 எண்ணும் வரை அமுக்கி விடுங்கள். 10 தடவை, காலையும் மாலையும். பிறகு கை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழும்பி மெதுவாக உட்காருவது, 5-இல் தொடங்கி 10 வரை. கதிரை பதிவென்றால் தலையணை போடுங்கள். செய்யும்போது கொஞ்சம் நோகும், பரவாயில்லை. மறுநாள் காலையும் கூடுதலாக நோகுமென்றால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், விட்டுவிட வேண்டாம். 1 கிலோ உடம்பு குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறக்குறைய 4 கிலோ குறையும்.

கொம்பனித்தெரு: மெதோட்ரெக்சேட் கிழமைக்கு ஒருநாள் தந்தது. மறந்து அடுத்தடுத்து மூன்று நாள் போட்டிட்டேன்.

இன்றே ஆஸ்பத்திரி, குளிசைப் பெட்டியோடு. வாய்ப்புண்ணோ காய்ச்சலோ வரும் வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

நாரஹேன்பிட்டி: திகதி வந்திட்டு, வாற செவ்வாய். என்ன கொண்டுபோக வேணும்?

எல்லாக் குளிசையும் உறையோடு, கடையில் வாங்கியதும் ஆயுர்வேதமும் உட்பட. பழைய ரிப்போர்ட், எக்ஸ்ரே படம். கடைசி இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பித் தாள்: காலை இறுக்கம் எத்தனை நிமிடம், எந்த மூட்டு, அன்று எத்தனை குளிசை. சொரியாசிஸ் (தோல் செதில் செதிலாக உரியும் நோய்), கண் சிவப்பு, குடும்பத்தில் யாருக்காவது வாதம் என்றால் கேட்காமலே சொல்லுங்கள். முழங்காலுக்கு மேல் சுருட்டக்கூடிய தளர்ந்த உடுப்பாகப் போடுங்கள். இறுக்கமான டெனிமோடு வருபவரைக் கட்டிலில் ஏற்றி அதை உருவி எடுக்கவே, டொக்டர் அவருக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதி போய்விடும்.