சோக்கைப் போட்டால் சீராக ஓடுகிறதே!

கேள்வி: ஐயா, தோட்டத்தில் 2 அங்குல பெட்ரோல் பம்ப்செட் வைத்திருக்கிறேன். நல்ல மழை என்பதால் ஐந்து மாதம் ஓட்டவில்லை. இப்போது ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் சத்தம் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. சோக்கைப் பாதி போட்டால் சீராகிவிடுகிறது. கவர்னர் ஸ்பிரிங் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். மாற்றட்டுமா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: ஸ்பிரிங் மேல் யாரையும் கைவைக்க விடாதீர்கள். எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்தான் கவர்னர். எந்த வேகத்தில் அது பிடித்து நிறுத்த வேண்டும் என்பதை முடிவு செய்வது அந்த ஸ்பிரிங்கின் இழுவைதான். இழுத்து மாட்டினால் ஒருநாள் எஞ்சின் அளவுக்கு மீறி ஓடி, பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு உடைந்து வெளியே வரும்.

நோயை நீங்களே கண்டுபிடித்து எழுதிவிட்டீர்கள். சோக் என்பது காற்றைக் குறைப்பது. காற்று குறைந்ததும் சீராகிறது என்றால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை. வேகம் தணிந்ததும் கவர்னர் திராட்டிலை, அதாவது எஞ்சினுக்குக் காற்றும் பெட்ரோலும் போகும் வழியின் கதவைத் திறக்கிறது, எஞ்சின் எகிறுகிறது. உடனே மூடுகிறது, மறுபடி படுக்கிறது. பாவம், அது தன் வேலையைத்தான் செய்கிறது.

பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் கிண்ணத்துக்கு அடியில் ஒரு டிரெய்ன் போல்ட் இருக்கும். டேங்கிலிருந்து பெட்ரோல் வரும் வழியின் திருகை (காக்) மூடிவிட்டு, கிண்ணத்தில் இருப்பதை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். அடியில் தனியாக ஏதாவது உருண்டு நின்றால் தண்ணீர். இப்போதைய பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து கீழே இறங்கிவிடும். டேங்கில் இருப்பதையும் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள்.

அப்புறம் ஐடிலிங் ஜெட், அதாவது கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளையுள்ள திருகு. குற்றவாளி பெரும்பாலும் இதுதான். துளை மயிரிழை அளவுதான். பழைய பெட்ரோல் வார்னிஷ் போலக் காய்ந்து அடைத்துக்கொள்ளும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், துளை வட்டமாகத் தெரிய வேண்டும். கார்ப் கிளீனர் அடித்து ஊறவிட்டு, காற்றடித்து ஊதுங்கள். அப்படியும் திறக்காவிட்டால் ஒயரிலிருந்து ஒற்றைச் செம்புக் கம்பியை உருவி மெதுவாக விடலாம். ஊசி மட்டும் கூடாது. தொழில் பழகிய புதிதில் நான் தையல் ஊசியால் குத்தித் துளையைப் பெரிதாக்கிவிட்டேன். எஞ்சின் கரும்புகை கக்கியது. புது ஜெட் வாங்கும் காசை என் வாரக்கூலியில் பிடித்துக்கொண்டார் முதலாளி. மெயின் ஜெட்டுக்கும் இதே வைத்தியம்தான்.

திரும்ப மாட்டும்போது கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கட்டைக் கவனியுங்கள். கிழிந்திருந்தால் அந்த வழியாகக் காற்று புகுந்து இதே ஆட்டம் ஆடும். ஜெட்டைக் கழுவியது வீண்.

அடுத்த முறை நிறுத்தி வைக்கும்போது பெட்ரோல் திருகை மூடிவிட்டு, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். கிண்ணம் பெரும்பாலும் காலியாகிவிடும்.

இத்தனையும் செய்து தீராவிட்டால், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் முனை வெளுத்திருக்கிறதா, காப்பி நிறமா, கரியா என்று பார்த்து எழுதுங்கள். அதை வைத்து மேற்கொண்டு சொல்கிறேன்.