பாக்குறான், ஆனா செய்ய மாட்டேங்குறான்!

கேள்வி: மகன் வீட்டுப் பேரனுக்கு 6 வயசு, ஆட்டிசம்னு சொல்லிருக்காங்க. வளவுல உக்காந்து நான் பனை ஓலைல கொட்டான் (சின்னக் கூடை) முடையுறப்போ பக்கத்துல வந்து என் கையவே பாத்துக்கிட்டு இருப்பான், ஓலைய மட்டும் தொட மாட்டான். காரைக்குடில ஒருத்தர், மூளையில கண்ணாடி நியூரான் கெட்டுப்போச்சு, காட்டிக் குடுத்து பிரயோஜனம் இல்லங்கிறார். நெசமா?
– ஒரு அப்பத்தா, தேவகோட்டை

பதில்: ஆச்சி, அவர் எப்பவோ படிச்சத வச்சு பேசுறார்னு நெனைக்கிறேன். 1990கள்ல இத்தாலி பார்மாவுல ரிசொலாட்டிங்கிற ஆராய்ச்சியாளரோட குழு குரங்கு மூளைல ஒரு வகை நியூரான, அதாவது நரம்பு செல்லை, பாத்தாங்க, குரங்கு தானா ஒண்ண எடுத்தாலும் வேலை செய்யுது, அடுத்தவங்க எடுக்குறத சும்மா பாத்தாலும் வேலை செய்யுது, அதான் இந்தக் கண்ணாடி பேரு. அப்புறம் 2005ல ஓபர்மேன்ங்கிற ஆராய்ச்சியாளரும் நம்ம மெட்ராஸ் ஸ்டான்லில டாக்டருக்குப் படிச்ச ராமச்சந்திரனும் சேர்ந்து ஈஈஜி, அதாவது மூளையோட மின் அலைய அளக்குற சோதனை, எடுத்தாங்க. கைய அசைச்சா மூளைல மியூனு ஒரு அலை அடங்கும், அடுத்தவங்க கை அசையுறத பாத்தாலும் அடங்கணும், ஆட்டிசம் உள்ளவங்களுக்கு தான் அசைச்சா அடங்குச்சு, பாத்தப்ப அடங்கல. உடனே கண்ணாடி உடைஞ்சுபோச்சுன்னு ஊரெல்லாம் பேச்சு. அதுல இருந்த ஆட்டிசம்காரங்க மொத்தமே 10 பேருதான்!

முக்கியமான விஷயம் இனிமேதான். 2008ல அதே குழு திரும்பப் பாத்தப்போ, வீடியோல தெரிஞ்சவங்க கை, அப்பா அம்மா, கூடப் பொறந்ததுங்க கைன்னா ஆட்டிசம் புள்ளைங்களுக்கும் அந்த அலை நல்லாவே அடங்குச்சு. 2010ல டின்ஸ்டைன்ங்கிறவரோட குழு ஸ்கேன்ல பாத்ததுலயும் ஆட்டிசம் உள்ளவங்க மூளை மத்தவங்க மாதிரியேதான் இருந்துச்சு. அதனால மொத்தமா கெட்டுப்போச்சுன்னு சொல்றத இப்ப ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் ஏத்துக்கிறதில்ல.

அப்ப ஏன் தொட மாட்டேங்குறான்? பாக்குறது வேற, வெரலுக்கு வேலை சொல்றது வேற, இல்ல ஓலை உரசுறதே அவனுக்குப் புடிக்காம இருக்கலாம், சில புள்ளைங்களுக்கு அப்படி உண்டு. ஓலைய நல்லா நனைச்சு குடுத்துப் பாருங்க. எதிர்ல வேணாம், பக்கத்துல ஒரே பக்கமா பாத்து உக்காருங்க, உங்க கை அவன் கை மாதிரியே தெரியும். முக்காவாசி முடிஞ்ச கொட்டான்ல கடைசி மடிப்ப மட்டும் அவனுக்கு விடுங்க. கையப் புடிச்சு இழுக்காதீங்க, என் முகத்தப் பாருன்னு அதட்டவும் வேணாம். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளப் பழக்கிக் குடுக்குறவர்) கிட்ட போனா இந்த ஓலை விஷயத்த கட்டாயம் சொல்லுங்க.

அந்தக் காரைக்குடிக்காரர் நியூரான சரி பண்ற கோர்ஸ் இருக்குன்னு ஆரம்பிச்சார்னா, ஒத்த ரூவா குடுக்காதீங்க.