வாசகர் கேள்வி-பதில்: மொய் நோட்டும் கணினிப் பாடமும்

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள். காரைக்குடி அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியலில் இடம் கிடைத்திருக்கிறது. 'பி.இ.க்குத்தான் மதிப்பு, வட்டிக்கு வாங்கியாவது தனியார் பொறியியல் கல்லூரியில் சேர்த்துவிடு' என்கிறார்கள் உறவினர்கள். என்ன செய்யலாம்?
– ஒரு தாய், பள்ளத்தூர்

பதில்: வட்டியின் சுபாவத்தைச் செட்டிநாட்டாருக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் எடுத்திருந்தால், பொறியியல் கலந்தாய்வில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டை முதலில் விசாரியுங்கள். அதில் இடம் பெறுவோரின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அது அமையாவிட்டால், கடன் வாங்காமல் பி.எஸ்சி.யிலேயே சேர்த்துவிடுங்கள் என்பதே என் கருத்து.

நிரல் எழுதுதல், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் (தரவுகளை அடுக்கி வைக்கும் முறைகள்), ஆப்பரேட்டிங் சிஸ்டம், தரவுத்தளம், நெட்வொர்க் ஆகிய மையப் பாடங்கள் இரண்டு படிப்பிலும் உண்டு. சில நிறுவனங்கள் வளாகத் தேர்வுக்குப் பி.இ. மாணவர்களை மட்டும் அழைக்கின்றன என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால், 3 ஆண்டுப் பட்டத்துக்குப் பின் 2 ஆண்டு எம்.சி.ஏ. படித்தால் அந்தக் குறை பெரும்பாலும் நீங்கிவிடும். என்.ஐ.டி.க்களில் எம்.சி.ஏ. சேர நிம்செட் தேர்வு எழுத வேண்டும். அதற்குப் பட்டப்படிப்பில் கணிதமோ புள்ளியியலோ ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும் என்பதால், துணைப்பாடம் எது என்று சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். எங்கே சேர்ந்தாலும், அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கான 'புதுமைப்பெண்' திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்குக் கல்லூரி வழியாக விண்ணப்பிக்கத் தவறாதீர்கள்.

கேள்வி: இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். புரோகிராம் ஓரளவு எழுத வருகிறது. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் மட்டும் எவ்வளவு மனப்பாடம் செய்தாலும் மனத்தில் நிற்கவில்லை.
– மாணவர், தேவகோட்டை

பதில்: மனப்பாடம் செய்வதால்தான் நிற்கவில்லை. உங்கள் வீட்டு மொய் நோட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வந்தவர் வந்த வரிசையில் 1,000 பெயர்கள் இருக்கின்றன என்று கொள்வோம். ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் புறப்படும்போது, அவர் நமக்கு எவ்வளவு எழுதினார் என்று பார்க்க, சமயத்தில் 1,000 வரிகளையும் புரட்ட நேரிடும். அதே நோட்டு அகர வரிசையில் இருந்தால் நடுப்பக்கத்தைத் திறந்து, தேடும் பெயர் முன்பாதியிலா பின்பாதியிலா என்று பார்த்து, மற்றப் பாதியை ஒதுக்கிக்கொண்டே போகலாம். மிஞ்சிப் போனால் 10 முறை பார்த்தால் போதும். பெயர்கள் 10 லட்சமானாலும் 20 முறைதான்.

அப்படியானால் ஏன் யாரும் மொய்யை அகர வரிசையில் எழுதுவதில்லை? பந்தலில் கூட்டம் நெருக்கும்போது 'கண்ணப்பன்' என்று ஒருவர் வந்து நின்றால், அவரை இடையில் நுழைக்கப் பின்னால் உள்ள அத்தனை பேரையும் ஒரு வரி தள்ளி எழுத வேண்டும். இடைவெளி விடாமல் வரிசையாக அடுக்கும் 'அர்ரே'யின் சங்கடம் அதுதான். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'அடுத்தவர் 47ஆம் பக்கம்' என்று குறித்து வைத்தால் நுழைப்பது எளிது, ஆனால் நடுவைத் திறக்கும் வசதி போய்விடும். அது லிங்க்டு லிஸ்ட். இரண்டு வசதியும் வேண்டும் என்ற ஆசையில் பிறந்ததுதான், ஒவ்வொரு பெயரிலிருந்தும் முன்னவர் ஒரு பக்கம், பின்னவர் மறுபக்கம் என்று கிளை பிரியும் பைனரி சர்ச் ட்ரீ. சிலர் கோட்டையூருக்கு ஒரு பக்கம், கண்டனூருக்கு ஒரு பக்கம், புதுவயலுக்கு ஒரு பக்கம் என்று ஊர்வாரியாக ஒதுக்குவார்கள். பக்கத்தை நேரே திறந்துவிடலாம். சொந்த ஊர்ப் பக்கம் மட்டும் நிரம்பி வழியும். இப்படி நேரே இடம் காட்டும் ஹாஷ் டேபிளில், ஒரே இடத்துக்குப் பலர் வந்து மோதுவதைக் 'கொலிஷன்' என்று உங்கள் ஆசிரியர் சொல்வது இதற்கு நெருங்கிய உறவு.

ஏழு பெயர்களை வைத்து, இவை ஒவ்வொன்றையும் பென்சிலால் தாளில் செய்துபார்த்த பிறகு கணினி முன் உட்காருங்கள்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தருகிறதே, என் மகனின் 3 ஆண்டு வீண்தானா?
– வாசகர், காரைக்குடி

பதில்: அந்தக் காலத்தில் செட்டிநாட்டார் பர்மாவில் நடத்திய கிட்டங்கிகளில் (வட்டிக்கடைகளில்) கணக்கை உதவியாளரான அடுத்தாள் எழுதினாலும் பதில் சொல்ல வேண்டியவர் பொறுப்பாளரான மேலாள், ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) எங்கே இடிக்கிறது என்று அவருக்குப் பார்த்தவுடன் தெரிய வேண்டும். இனி இயந்திரம் அடுத்தாள், உங்கள் மகன் மேலாள். மேலே சொன்ன பாதியாக்கும் தேடலையே பாருங்கள். நடுப்புள்ளியைக் காணத் தொடக்கத்தையும் முடிவையும் கூட்டி இரண்டால் வகுக்கும் அந்த எளிய வரியில், எதிர்மறையையும் ஏற்கும் 32 பிட் முழு எண்ணின் உச்சமான 2,147,483,647ஐக் கூட்டுத்தொகை தாண்டினால் விடை எதிர்மறையாகிவிடும். ஜாவா என்ற நிரல்மொழியின் நூலகத்திலேயே (ஆயத்த நிரல்களின் தொகுப்பு) இந்தப் பிழை ஏறத்தாழ 9 ஆண்டுகள் ஒளிந்திருந்தது; அந்த நிரலை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006இல் ஒப்புக்கொண்டு எழுதினார். அனுபவசாலிகளின் கண்ணுக்கே தப்பியது, அடிப்படை தெரியாதவருக்கு எப்படித் தென்படும்? ஆகவே முதல் ஆண்டு முழுவதும் பயிற்சிக் கணக்குகளை செயற்கை நுண்ணறிவின் உதவியில்லாமல், தம் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். மேலாளாக வந்தவர்களும் முதலில் கடைநிலைப் பெட்டியடிப் பையனாக உட்கார்ந்து எழுதியவர்கள்தாம்.

கேள்வி: கல்லூரியில் சேரும் முன் 80,000 ரூபாயில் லேப்டாப் வாங்கியே ஆக வேண்டுமா?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: வேண்டாம். சி, பைத்தான் நிரல்மொழிப் பயிற்சிக்கு 8 ஜி.பி. நினைவகம் உள்ள பழைய லேப்டாப்பே தாராளம். முதல் பருவம் முடியும்வரை கல்லூரி ஆய்வகத்தையே பயன்படுத்தச் சொல்லுங்கள்.