கேள்வி பதில்: சேஷன் கையில் இருந்த சட்டம்

கே: ஐ.ஏ.எஸ். பணியின் உச்சமே கேபினட் செயலாளர் பதவிதான். அதில் இருந்தபோது அதிகம் பேசப்படாத டி.என்.சேஷன், தலைமைத் தேர்தல் ஆணையரானதும் மட்டும் எப்படி அந்தப் போடு போட்டார்?
(திண்டுக்கல் வாசகர்)

ப: ஆள் மாறவில்லை, பதவிக்கான பாதுகாப்புதான் மாறியது. 1955 பேட்ச், தமிழ்நாடு கேடர். மதுரை கலெக்டராக இருந்தவர். பாதுகாப்புத் துறைச் செயலாளர் பதவியைக் கடந்து, 1989 மார்ச்சில் கேபினட் செயலாளரானார். டிசம்பரில் ஆட்சி மாறியதும் வி.பி.சிங் அரசு அவரைத் திட்டக் குழுவுக்கு அனுப்பிவிட்டது. அரசியல் சட்டத்தின் 311-வது பிரிவு, விசாரணை இல்லாமல் ஓர் அதிகாரியை டிஸ்மிஸ் செய்வதைத்தான் தடுக்கிறது. டிரான்ஸ்ஃபருக்கு ஒரு தாள் போதும். காரணம்கூட எழுத வேண்டாம்.

1990 டிசம்பர் 12 அன்று தேர்தல் ஆணையத்துக்கு வந்தார். 58 வயதில் ஓய்வு என்றிருந்த காலம். அந்த மாதம்தான் அவருக்கு 58 நிறைந்தது. அதாவது, வீட்டுக்குப் போக வேண்டிய மாதத்தில் ஆறு வருடப் பதவி கிடைத்தது. 324(5) பிரிவின்படி தலைமைத் தேர்தல் ஆணையரை நீக்க வேண்டுமானால், உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்குவதுபோல் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். சம்பளம், சலுகைகளிலும் பாதகமாகக் கை வைக்க முடியாது. துணிச்சல் அவருடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதே துணிச்சலை 1989-ல் காட்டியிருந்தால் இன்னும் சீக்கிரம் திட்டக் குழுவுக்குப் போயிருப்பார்!

கே: சேஷன் என்னென்ன புதுச் சட்டங்கள் கொண்டுவந்தார்?
(கரூர் வாசகர்)

ப: ஒன்றுகூட இல்லை. சட்டம் போடும் அதிகாரம் ஆணையத்துக்குக் கிடையாது. தூசி படிந்து கிடந்ததை எடுத்துப் பயன்படுத்தினார், அவ்வளவுதான். உதாரணமாக, செலவுக் கணக்கு. மனுத் தாக்கல் செய்த நாள் முதல் முடிவு அறிவிக்கும் நாள் வரை வேட்பாளர் தனிக் கணக்கு எழுத வேண்டும். முடிவு வந்த 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இல்லாமல் தவறினால் 10ஏ பிரிவின் கீழ் மூன்று வருடம் தகுதி நீக்கம். 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் இதெல்லாம் ஏற்கெனவே இருந்தது. தோற்றவர்கள்தான் கணக்குக் கொடுக்காமல் அதிகம் மாட்டிக்கொள்வார்கள்; தேர்தல் முடிந்ததோடு எல்லாம் முடிந்தது என்ற நினைப்பு.

ஓட்டையும் அதே சட்டத்தில்தான். கட்சி செய்த செலவு வேட்பாளர் கணக்கில் சேராது என்று 1974-ல் 77-வது பிரிவில் ஒரு விளக்கம் நுழைந்தது. அதை அடைக்க சேஷனால் முடியவில்லை.

தேர்தல் பணிக்கு வரும் அதிகாரிகள் யாருக்குக் கட்டுப்பட்டவர்கள் என்ற தகராறில், 1993 ஆகஸ்ட் 2 அன்று எல்லாத் தேர்தல்களையும் நிறுத்திவைத்தார். அவர்கள் ஆணையத்துக்கே கட்டுப்பட வேண்டும் என்று அவர் கேட்ட உரிமை நியாயமானது, கையாண்ட விதம் அதிகப்படி.

கே: மூன்று ஆணையர்கள் எப்போது வந்தார்கள்?
(நாகர்கோவில் வாசகர்)

ப: நிலையாக வந்தது 1993 அக்டோபர் 1-ல். சேஷனுடன் எம்.எஸ்.கில், ஜி.வி.ஜி.கிருஷ்ணமூர்த்தி இருவரையும் அரசு நியமித்தது. கருத்து வேறுபட்டால் பெரும்பான்மை முடிவே செல்லும் என்றும் சட்டம் வந்தது. சேஷன் வழக்குப் போட்டார். 1995-ல் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. அந்த இருவரை நீக்கவும் தலைமை ஆணையரின் பரிந்துரை வேண்டும். நாடாளுமன்றம் வரை போக வேண்டியதில்லை.